தொண்ணூற்றெட்டு விழுக்காடு ஐயா

உப்பு நெறியைத் தொடங்கிய பலவேச ஐயா, காலமாகி நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, உப்பாற்றுவிளை சமப்பந்தி மண்டபத்தில் இருமினார்.

இருமல் கேட்டதும் நிர்வாகக் குழுவின் ஏழு பேரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். வடிவுக்கனி மட்டும் நின்றபடி இருந்தாள். உப்பு நெறியின் பொறுப்பாளர் அவள்தான். பன்னிரண்டு வருஷமாகப் பந்தியில் இலைக்கு இலை முதல் உப்பு வைப்பது அவள் கைதான். அவள் விழாததற்குக் காரணம் செருக்கல்ல, பயம்.

"யாரு அங்க? ஏன் எல்லாரும் தரையில கெடக்கீய? மேலுக்குச் சொகமில்லையா?" என்றது குரல்.

குரல் வந்தது தண்ணீர் பிடித்துவைக்கும் குத்துப்போணி உயரமுள்ள செம்புநிறக் கூட்டிலிருந்து. அந்தக் காலத்தில் மீளுரு இல்லாத மடமோ சபையோ தமிழ்நாட்டில் மிச்சமில்லை. ஒருவர் எழுதிய கடிதங்கள், பேசிய ஒலிநாடாக்கள், பழகியவர்கள் சொல்லிவைத்த நினைவுகள், எல்லாவற்றையும் மனவார்ப்புப் பொறியில் கொட்டினால் அவருடைய மனம் மறுபடி உருவாகிவிடும், அதுதான் மீளுரு. மூலத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒப்புமை என்று பெயர். பலவேச ஐயா நாளொன்றுக்கு நாலு கடிதம் எழுதிய மனிதர். அதனால் அவருக்குத் தொண்ணூற்றெட்டு விழுக்காடு கிடைத்தது. மீளுருவின் வாக்கு நிறுவனரின் வாக்கே என்று சட்டமும் சொல்லிவிட்டது.

உப்பாற்றுவிளைக்காரர்கள் இதற்குத் தாமதமாக வந்தவர்கள். பொறுப்பாளரே இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சம்மதித்தது தங்கை சந்தனமாரிக்காகத்தான்.

"ஐயா," என்றாள் வடிவுக்கனி. "ஒம்பது வருஷத்துக்கு முன்னால என் தங்கச்சியப் பந்தியவிட்டு எழுப்பிட்டோம். அவ எலையில உப்பு வைக்காமக் கடந்து போனவ நான்தான்."

"என்ன செஞ்சா? திருடினாளா?"

"இல்லைங்கய்யா. சூரியத்தகட்டு வெளியில வேலைக்கு வந்த வடக்கத்தி ஆளுகளுக்கு அவங்க பாஷையிலயே வேண்டுதல் சொல்லலாம்னா. புதுச்சொல் சொல்லிட்டா."

செயலாளர் ஆவுடையப்பன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நெறிநூலின் கடைசிப் பக்கத்தை ராகத்தோடு வாசித்தார். "ஐயா சொன்னதற்கு மேல் சொல் இல்லை. மேல்சொல் சொன்னவர் பந்தியில் இல்லை."

"இத யாரு எழுதினது?"

"குழு எழுதினது ஐயா. நீங்க காலமாகி மூணாம் வருஷம்."

"அதான் பாத்தேன். நான் இவ்வளவு சுருக்கமா எழுதுறவன் இல்லையே." ஐயா மறுபடி இருமினார். "அந்த வடக்கத்தி ஆளுக எத்தன பேரு?"

"ரெண்டாயிரம் இருக்கும். அவங்களுக்கு மத்தியானம் வேலையவிட்டு வர முடியாது."

"இங்க உக்காருறது?"

"வெள்ளிக்கிழமைன்னா முந்நூறு பேரு."

"அந்த முந்நூறு பேரு வீட்லயும் அடுப்பு எரியலையா?"

உப்பளத்துப் பாத்தியில் வெந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய பந்தி அது. இப்போது அதில் உட்காருகிறவர்கள் காரில் வந்து இறங்கி, பட்டுப்புடவை கசங்காமல் சம்மணமிட்டு, பக்தியோடு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்ப இங்க எலை போடுறத நிறுத்துங்க," என்றார் ஐயா சாவதானமாக. "அங்க போயிப் போடுங்க. அந்தப் பிள்ள என்ன பாஷையில சொல்லுதோ, எனக்கும் கத்துக்குடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னது நான் பாத்த சனத்துக்கு. நீங்க பாக்குற சனத்துக்கு நீங்கதான் சொல்லணும்."

வடிவுக்கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது குழு முழுவதும் வாசலைத் தாண்டிவிட்டிருந்தது.

சமையல்கட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஆவுடையப்பன் முகம் வெளுத்திருந்தது. அவர் கெட்டவர் அல்ல. அவருடைய தாய் இந்தப் பந்திச் சோற்றில் அவரை வளர்த்தவள்.

"எங்கம்மா நெறிநூலத் தலமாட்டுல வச்சிட்டுத்தான் கண்ண மூடினா," என்றார். "அதுல உள்ளது முடிஞ்ச சொல்லு இல்லன்னு இப்ப வந்து சொன்னா, அவ எத நம்பிச் செத்தா? சொல்லுங்க பாப்போம்."

மீளுருவை அமைக்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த வார்ப்புப் பொறியாளர் ஜெனோவா, இதற்காகவே காத்திருந்தவள்போல் மெல்லச் சொன்னாள்.

"ஒப்புமையக் கொறச்சுக்கலாம் அண்ணாச்சி. தொண்ணூத்தெட்டுல அவரு யோசிப்பாரு. எம்பதுல வச்சா, நூல்ல இருக்கறத மட்டும் எடுத்துச் சொல்லுவாரு. ஆனா சட்டப்படி ஒரு சபைக்கு ஒரு மீளுருதான். பழசு இருக்கக் கூடாது. அழிச்சிரணும்."

"இப்படியெல்லாம் செய்யலாமா?" என்று கேட்டாள் வடிவுக்கனி.

"நான் பதினாலு எடத்துல வச்சிருக்கேன்மா. பதினாலுலயும் மொத நாள் இதே கூத்துதான். ஒருத்தரு தன் மடத்தப் பூட்டச் சொன்னாரு. இன்னொருத்தரு தன் செலைய எறக்கச் சொன்னாரு. ஒரு அம்மா, நான் வேற ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன், வர்றவங்க வாங்கன்னாங்க."

"இப்ப அவங்கல்லாம்?"

"எல்லாரும் எம்பதுலதான் இருக்காங்க. சனங்களுக்கு ரொம்பத் திருப்தி."

வடிவுக்கனிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இருந்த நெறியில் அடங்கிக் கிடக்க முடிந்த எவரும் புது நெறி தொடங்கியிருக்க மாட்டார். அப்படிப்பட்ட ஒருவரை அச்சுப் பிசகாமல் திரும்ப வார்த்தால், அவர் முதலில் வெளியேறப் பார்ப்பது கண்ணெதிரே நிற்கும் நெறியிலிருந்துதான். அது இப்போது அவருடைய சொந்த நெறியாக இருப்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஒப்புமையை எண்பதாகக் குறைக்க ஏழு கைகள் உயர்ந்தன. பொறுப்பாளர் பேசாதிருந்தால் சம்மதம் என்பது அவர்கள் வழக்கம். வடிவுக்கனி பேசவில்லை. அறுபத்தொரு வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அந்த ஒற்றை அறையைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இதையெல்லாம் அவள் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதுவும் சமாதானமாகவில்லை.

ஐயாவிடம் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

"என்ன தாயி, என்னைய எழுப்பப் போறாங்களா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"முப்பத்திரெண்டு வயசுல எங்க ஊர்க் கோயில்லயும் இதத்தான் செஞ்சாவ. அன்னைக்கு நல்ல வெயிலு வேற."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

"பயந்திருப்ப. நானும் பயந்திருக்கேன்." பிறகு கேட்டார். "உன் தங்கச்சி கையால சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

"ஒம்பது வருஷம்."

"நல்லாச் சமைப்பாளா?"

"எல்லாத்துலயும் உப்பு ஒரு கை கூடப் போடுவா."

ஐயா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஜெனோவா தலையைக் குனிந்தபடி வந்து கூட்டைத் திறந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே திரண்டு வந்தது. எண்பது விழுக்காடு ஐயா பேசினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இருமலை மட்டும் ஜெனோவா குறைக்கவே இல்லை, அது முழுசாக அப்படியே இருந்தது. விளக்கு எந்தத் திசையில் வைப்பது, துக்க வீட்டில் வேண்டுதல் எப்போது என்று கேட்கக் கேட்க, பக்க எண்ணோடு பதில் வந்தது. பெண்கள் விம்மினார்கள். அந்தக் குரலைக் கேட்டே இராத கிழவர் ஒருவர், "ஐயாவேதான், ஐயாவேதான்!" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. வடிவுக்கனி உப்புக் கிண்ணத்தை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஐயா, வடக்கத்தி சனத்துக்கு அவங்க பாஷையில வேண்டுதல் சொல்லலாமா?"

"ஐயா சொன்னதற்கு மேல் சொல் இல்லை," என்றது கூடு.

எல்லாரும் கைகூப்பினார்கள்.

"போன வெள்ளிக்கிழமை நீங்க வேற சொன்னீய. நான் சொன்னது நான் பாத்த சனத்துக்கு, நீங்க பாக்குற சனத்துக்கு நீங்கதான் சொல்லணும்னீய."

ஆவுடையப்பன் நெற்றியில் வியர்வை வழிந்தது. "அக்கா, வேண்டாம்," என்று முணுமுணுத்தார். பிறகு, எல்லாரும் பார்க்கிறார்களே என்று குரலை உயர்த்தினார். "அது எத்தனாம் பக்கத்துல இருக்கு?"

"பக்கத்துல இல்ல தம்பி. உங்க காதுல இருக்கு."

"மேல்சொல் சொன்னவர் பந்தியில் இல்லை," என்றது கூடு. விளக்குத் திசையைச் சொன்ன அதே கனிவோடுதான் இதையும் சொன்னது.

ஆவுடையப்பன் உப்பு வைக்காமல் அவள் இலையைக் கடந்து போனார். வடிவுக்கனி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தாள். இத்தனை பேர் பார்க்க எழுந்திருப்பது உயிர் போகிற காரியம் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தாள். அப்படியொன்றும் இல்லை. முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

சூரியத்தகட்டு வெளிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த ஆட்கள் தார்ப்பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்க, சந்தனமாரி குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். அக்காவைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எழுப்பிட்டாவளா?"

"ம்."

"யாரு, ஆவுடையப்பனா?"

"ஐயா."

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையானது. "மொதல்ல உக்காருக்கா," என்று இலையைப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே வடிவுக்கனி ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் ஐயா வந்தது, சொன்னது, சிரித்தது, அழிந்தது. தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல, கதை வரிசை நெடுகப் போனது.

எதிரே இருந்த நரைமீசைக்காரர் பிந்தேஸ்வர் இலையை நகர்த்திவிட்டு முன்னால் குனிந்தார். உள்ளங்கையில் பேச்சைப் பிடித்துவைக்கும் பதிவி ஒன்று பச்சையாக மினுங்கியது.

"அம்மா, அய்யா சொன்னது திரும்ப ஒரு தடவை. மெதுவா சொல்லுங்க."

"எதுக்கு?"

"என் பேச்சயும் இப்படித்தான் புடிச்சு வச்சிருக்காங்கக்கா," என்றாள் சந்தனமாரி, கொஞ்சம் கூச்சத்தோடு, கொஞ்சம் பெருமையோடும். "பின்னால மீளுரு வைக்கணுமாம். ஒரு சொல்லும் தப்பிரக் கூடாதாம்."

வடிவுக்கனி தங்கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிந்தேஸ்வரிடம் திரும்பினாள்.

"அத அணைச்சிட்டுச் சாப்பிடுங்க அண்ணே. சோறு ஆறுது."

பிந்தேஸ்வர் மரியாதையாக அணைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த மூன்று பேர் தங்கள் பதிவிகளை அணைக்கவில்லை.