குழிமண்

சிஜின் எழுந்தான். பல் தேய்த்தான். கட்டன் சாயா போட்டு நின்றபடியே குடித்தான். ஒட்ட வேண்டிய டைல்களை வாளித் தண்ணீரில் முக்கி வைத்தான். பிறகு படுக்கையறைக்குப் போய், கொத்துக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, நேற்று ஒட்டியவற்றை அதன் மரப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினான். அடியில் சிமெண்ட் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கனமாக வரும். இல்லையென்றால் காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் வரும்.

கட்டில் கிடந்த இடம் முழுக்கக் காலிப் பெட்டி.

நேற்று மாலை தட்டியபோது அப்படி இல்லை.

மழைக்காலத்தில் அந்த அறைக்குள் தண்ணீர் ஏறும். தரையை உயர்த்தச் சொல்லி பெபிஷா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வேலையைத் தொடங்கியது மனைவியை வீட்டுப் பின்விளையில் அடக்கம் செய்த பிறகுதான். அதுவும் போதகர் வந்து சொன்னதால்.

"வீட்டைப் புதுக்குகதும் ஒரு ஜெபந்தான் தம்பி. கல்லு வைக்க வைக்க உள்ளமும் கட்டப்படும்."

"கர்த்தருக்கு டைல்ஸ் ஒட்டத் தெரியுமா பாஸ்டர்?"

"அவரு தச்சு வேலை பாத்தவரு."

"அப்போ கட்டில் காலு ஆடுது. வந்து பாக்கச் சொல்லும்."

போதகர் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மேல் ஒரு சட்டி மண்ணைக் கொட்ட வேண்டும்போல் இருந்தது சிஜினுக்கு.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. கல்லறையைச் சிமெண்டால் கட்டி மூடியதில், குழியிலிருந்து வெட்டிய செம்மண் மிஞ்சிப் பலாமரத்தடியில் குவிந்து கிடந்தது. தரை நிரப்ப அவன் அதை அள்ளியபோது பெபிஷாவின் அம்மா செல்லபாய் சட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"குழிமண்ணை வீட்டுக்குள்ள ஏத்தாதே மக்கா. வெட்டின மண்ணு குழிமேலயே கெடக்கணும்."

"அதெல்லாம் அவிசுவாசம் அம்மா," என்றார் போதகர். "மக ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டுல்லா போனா. அந்த மண்ணு மேல வீடு உயர்ந்தா அதுவே சாட்சி."

அடக்க ஆராதனையிலும் அவள் ஸ்தோத்திரம் சொல்லிப் போனதாகத்தான் சொன்னார். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் இருந்தது சிஜின் மட்டும். அவனிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டையில் சபை முன்னால் எழுந்து அவனே அந்த ஸ்தோத்திரத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

அன்று சட்டியை மாமியின் கையிலிருந்து பிடுங்கினான். அதே கோபத்தோடு மண்ணைக் கொட்டினான், இடித்துக் கெட்டியாக்கினான், கலவை விரித்தான். ஒவ்வொரு டைலையும் ஒரு வசவு சொல்லி அழுத்தினான். அவனுக்கு வந்த ஜெபம் அதுதான்.

வெளியே வானம் கறுத்து, காலையிலேயே அறைக்குள் அந்தி விழுந்திருந்தது. பலா இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜன்னல் தகரத்தில் விழும் சத்தத்துக்கு நடுவே, ஈரச் சிமெண்டின் வாடைக்கும் செம்மண்ணின் வாடைக்கும் அடியிலிருந்து, மூடுவதற்குமுன் சவப்பெட்டிக்குள் தெளித்த சென்டின் இனிப்பு மெல்ல மேலேறி வந்து அவன் நாக்கில் ஒட்டியது.

தட்டினான். டொக்.

கரண்டியைத் தூக்கினான்.

கீழிருந்து டொக்.

எலி என்று நினைத்துக்கொண்டான். சற்றுத் தள்ளித் தட்டினான். கீழே சத்தமும் தள்ளி வந்தது. அவன் தட்டுவதை நிறுத்தினான். அது நிறுத்தவில்லை.

"இதுவும் சாட்சியா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மக்கா, ஆருகூட பேசுகே?" அடுக்களையிலிருந்து செல்லபாய் கேட்டாள். "இட்லி ஆறுது."

அவன் டைல் இடுக்கில் உளியை வைத்து ஓங்கி அடித்தான். டைல் உடையவில்லை. மூடிபோல எழும்பியது. அடியில் அவன் விரித்த கலவை இல்லை. அடுத்ததைப் பெயர்த்தான். அதற்கடுத்தது. கை எரிந்தது. ரத்தம். பெயர்த்தான்.

இடித்துக் கெட்டியாக்கிய மண் குழிந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்த உடம்பின் அளவில். மடித்த முழங்கால். கன்னத்துக்கடியில் கை. பெபிஷா அப்படித்தான் தூங்குவாள். சுவரோரம், அவள் படுக்கும் பக்கம்.

குழிக்குள் யாரும் இல்லை.

ஆனால் அதை ஒட்டி மண் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக. இன்னொரு குழி. நீளமானது. தோள் அகலமானது. கட்டிலில் அவன் படுக்கும் பக்கம். அவன் மண்டியிட்டிருந்த பக்கம்.

எழப் பார்த்தான். முழங்கால் வரவில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. தொடைவரை வந்தது.

"மக்கா?"

பெபிஷா ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் மூச்சு நிற்பதற்குமுன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது வேறு.

"நான் தனியாப் போவ மாட்டேன். நீங்களும் வாருங்க."