கிணற்றை இடமாகச் சுற்றியவள்

மலக்கி தன் சீட் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார்.

நோரீன் ஈரக் குடையை மடக்கி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வழக்கம்போல அவர் இடுப்புப் பக்கம் குனிந்தாள். அதற்குள் 'டக்'கென்று சத்தம் வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தம் அவள் கையால்தான் வந்துகொண்டிருந்தது. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும், யாரோ உரித்த ஆரஞ்சுப் பழத்தின் வாசனையும், கண்ணாடிகளில் படிந்த மூச்சுமாக பஸ் புழுங்கிக்கொண்டிருந்தது. மலக்கி அவளைத் தாண்டிக் கை நீட்டி, ஜன்னலில் படிந்த ஆவியை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

வண்டியையும் ஓட்டிக்கொண்டு ஊர்க்கதையும் சொல்லிக்கொண்டு வந்த ஃபின்டன் மைக்கைத் தட்டினான். அவன் தலை எண்ணுகிற ஆள் இல்லை. காலையிலிருந்து எந்த இடத்தில் நிறுத்தினாலும், கிளம்பும்போது அதே கேலிதான்.

"மக்களே, பக்கத்து சீட்டப் பாருங்க. கூட வந்த ஆளுதானா? மாறிப்போயிருந்தா இப்பவே சொல்லிடுங்க. தேவலாம்ங்கிற ஆளா மாறியிருந்தா வாயத் தொறக்காதீங்க!"

"அதே ஆளுதான்!" என்று பஸ்ஸே கத்தியது. நோரீனும் சேர்ந்து கத்தினாள். கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

மலக்கிக்கு நினைவு தப்பிக்கொண்டிருப்பது அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ஊரிலும் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மகள் டப்ளினிலிருந்து ஓடி வந்து அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால்தான் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இந்தச் சுற்றுலாவைப் பிடித்தாள். எதிர்வரிசை பெர்னி வாய் ஓயாமல் பேச்சுக் கொடுத்தபோதும், "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியாது" என்று ஒரே பொய்யில் சமாளித்திருந்தாள். அவளுக்குக் கடலும் வேண்டாம், இடிந்த கோட்டையும் வேண்டாம். இந்தக் கிணறு ஒன்றுதான் வேண்டும்.

பஸ் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில், சாலைக்குக் கீழே, கல்வேலியைத் தாண்டி, புல்வெளிப் பள்ளத்தில், ஆளுயரக் கல்சுவர் சூழ இருந்தது அந்தப் புனிதக் கிணறு. அதன் தலைமாட்டில் ஒற்றை முள்மரம். கிளையெல்லாம் கந்தல்: கைக்குட்டை, குழந்தையின் காலுறை, ஜெபமாலை, யாரோ ஒருவரின் பச்சைத் தொப்பி. நோயாளியின் உடுப்பில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினால், துணி மக்க மக்க நோயும் போகும். மற்றவர்கள் மழைக்குப் பயந்து படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். நோரீன் மட்டும் கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, மலக்கியின் நீலக் கட்டம் போட்ட சட்டையின் பின்பக்க ஓரத்தில் ஒரு பட்டையை வெட்டி, முள்ளோடு முள்ளாகக் கட்டினாள்.

"நான் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு. நகரக் கூடாது, சரியா?"

மலக்கி தலையாட்டினார். எதற்குத்தான் தலையாட்டவில்லை.

கிணற்றை மூன்று முறை வலமாகச் சுற்ற வேண்டும். வலமாகப் போனால் செங்குத்தான சேற்று மேட்டில் ஏற வேண்டும்; இடமாகப் போனால் அதில் இறங்கினால் போதும். மேலே ஃபின்டன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். நோரீன் இடமாகச் சுற்றினாள். இடமாகச் சுற்றுகிறவர்கள் அடுத்தவனைச் சபிக்க வந்தவர்கள் என்று இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவளுக்கும் தெரியும். என் கால்வலி கடவுளுக்குத் தெரியாதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுற்றும்போது மனப்பாடமான ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வேறொன்றுதான் வந்தது. அதை உதடு பிரியாமல்தான் சொன்னாள்.

சுற்றி முடித்துப் பார்த்தபோது மரத்தடியில் மலக்கி இல்லை. அண்ணாந்து பார்த்தால், மேலே பஸ்ஸின் படியில் அவருடைய சாம்பல் நிறக் கோட்டு ஏறிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு வாங்க ஏறி ஓடினாள்.

பஸ் இப்போது குன்றைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் ஈரப் புதர்கள் கண்ணாடியை உரசின.

"ஞாபகம் இருக்கா நோரீன்? கல்யாணத்தன்னைக்கு உன் செருப்போட குதி ஒடஞ்சுது. பீடத்துக்குப் போறதுக்குள்ள நீ நொண்டி அடிச்சே."

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கண்ணீர் பொங்கியது. எத்தனை மாதமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு!

"இருக்கு... உனக்கு ஞாபகம் இருக்கா, மலக்கி?"

"எல்லாம் இருக்கு. உங்கப்பா என்னப் பாத்து, 'நொண்டிக் குதிரைய உன் தலையில கட்டிட்டேன்டா'ன்னாரு."

பெர்னி குலுங்கிச் சிரித்தாள். "அடேயப்பா, தொண்டை தொறந்துக்கிச்சே! புனிதத் தண்ணி வேலை செய்யுதுடியம்மா!"

நோரீனும் அழுதுகொண்டே சிரித்தாள். கிணறு கொடுத்துவிட்டது. கேட்டதைக் கொடுத்துவிட்டது. அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் அந்தக் கோட்டு அவள் கன்னத்தில் பட்டது. உலர்ந்திருந்தது. பஸ்ஸில் எல்லோரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்க, அது மட்டும் அலமாரியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. மலக்கியின் கழுத்தில் எப்போதும் இருக்கும் புகையிலை வாசனையும் இல்லை. வேறொரு வாடை. கல்லிடுக்கில் வெயிலே படாமல் கிடந்த தண்ணீரின் வாடை.

"உன் பைய எடுத்துத் தரட்டுமா? ஸ்கார்ஃப் உள்ள இருக்கு. குளிருதுல்ல உனக்கு."

அவர் பெல்ட்டைக் கழற்றி எழுந்து மேல்தட்டுக்குக் கை நீட்டியபோது கோட்டு உயர்ந்தது. உள்ளிருந்த சட்டை வெளியே வந்து தொங்கியது. நீலக் கட்டம். அதே சட்டை.

பின்பக்க ஓரம் முழுசாக இருந்தது. வெட்டு இல்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

நோரீன் அலறினாள்.

"ஃபின்டன்! வண்டிய நிறுத்து! இது அவர் இல்ல!"

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. "லேட்டாச்சே! 'அதே ஆளுதான்'னு நீங்களும்தானே கத்தினீங்க!" என்றான் ஃபின்டன்.

"இல்ல, இல்ல... அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது! என் பேரே தெரியாது அவருக்கு! இவன் வேற யாரோ!"

சிரிப்பு அடங்கியது. வண்டி மெதுவாகியது. கண்ணாடியில் ஃபின்டனின் கண்கள் அவளையும் பக்கத்து இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தன.

"மன்னிச்சுக்கோங்க எல்லாரும்," என்றது பக்கத்தில் இருந்தது, மலக்கியின் அமைதியான குரலில். "கொஞ்ச காலமா அவளுக்கு நெனவு சரியில்ல. வெளிய சொல்லாம வச்சிருந்தேன். ஊர் சுத்தினா தெளியும்னு கூட்டிட்டு வந்தேன். நீங்க ஓட்டுங்க, ஃபின்டன்."

"ஐயோ பாவம்," என்றாள் பெர்னி. "அதான் காலையிலேர்ந்து அவர் கையவே விடாம இருந்தாளா! எங்கம்மாவும் கடைசில இப்படித்தான்."

குன்றைச் சுற்றிய சாலை வளைந்தது. கீழே, தூரத்தில், அந்தப் பள்ளம் மறுபடி தெரிந்தது. முள்மரம். அதன் அடியில் ஒரு உருவம்.

"அங்க பாருங்க! அங்க நிக்கிறாரு! பெர்னி, உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், பாரு!"

பெர்னி எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்து உண்மையிலேயே பார்த்தாள். பிறகு நோரீனின் தலையைத் தடவினாள். "மரம்தாண்டியம்மா. துணிங்க காத்துல ஆடுது, அவ்ளோதான். உக்காரு."

பஸ் வேகமெடுத்தது.

நோரீன் எழப் பார்த்தாள். ஒரு கை அவளை உட்கார வைத்தது. முரட்டுத்தனம் இல்லை. நாற்பது வருடம் உடனிருந்தவனின் பொறுமை. உலர்ந்த விரல்கள் அவள் மடிக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்தன.

டக்.

அது அவள் காதோரம் குனிந்தது. கல்லிடுக்குத் தண்ணீரின் வாடை.

"'இந்த ஆள எடுத்துக்கோ. என் பழைய மலக்கியக் குடு.' அப்படித்தானே கேட்டே, நோரீன்? எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு."

அவள் கண்ணாடியில் நெற்றியை அழுத்தினாள்.

கீழே மழை. முள்மரம். மலக்கி. பின்னால் சட்டை ஓரம் வெட்டுப்பட்டுத் தொங்கியது. கோட்டு இல்லை. சொன்ன எதையும் மறுநிமிடம் மறந்துவிடுகிறவர், இன்று மறக்கவில்லை. நகரவில்லை. பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவள் இடமாகத் திரும்பி மறைந்த அந்தக் கிணற்று மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.