ஒரு பெஞ்சுத் தூக்கம்

திருத்தணி ரயில் நிலையத்தில் ஒரு நீளமான பெஞ்சு இருக்கிறது. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால், அந்தக் கோடியில் இருப்பவர் ரயிலேறி அரக்கோணம் போன பிறகுதான் அவருக்குக் கேட்கும். நான் அளந்து பார்த்ததில்லை. தும்மிப் பார்த்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் மத்தியானம், அந்தப் பெஞ்சின் ஒரு கோடியில் கவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் டோமினோ பெட்டி. தோளில் அவளுடைய நைனா பங்காருவின் தலை. காவடி எடுத்து, மொட்டை போட்டு, சந்தனம் பூசிய தலை. நல்ல கனம்.

நைனாவின் தோளில் இன்னொரு மொட்டை. அவர் தோளில் வேறொரு மொட்டை. இப்படியே பெஞ்சு முழுக்க, மலை இறங்கிய களைப்பில், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். பார்ப்பதற்குப் புள்ளி வைக்க மறந்துபோன டோமினோ கட்டைகளைப் போலவே இருந்தது. நடுவில் பூவம்மாள் என்ற அம்மா, மூடாத தூக்கு நிறையப் பஞ்சாமிர்தத்தை மடியில் பிடித்தபடியே தூங்கினார்.

அந்தக் கோடியில் வீரபத்திரன் என்ற பெரிய உடம்புக்காரர். அவர் குறட்டை விட்டபோதெல்லாம், சரக்கு ரயில் வருகிறது என்று ஜனங்கள் தள்ளி நின்றார்கள்.

கவிப்பிரியாவின் கையிலிருந்த நைனாவின் போன் அடித்தது. திருவாலங்காட்டிலிருந்து மாமா மகன் ஆகாஷ்.

"கவி, கெளம்பிட்டியா? அப்பா மாட்டிகினாரு!"

"எங்க?"

"பாத்ரூம்ல. கூடத்துலேந்து டோமினோ அடுக்கிகினே பின்னாலயே போனாரு. திரும்பிப் பாத்தா பாத்ரூம் உள்ள நிக்கிறாரு. வெளிய வர கால் வெக்க எடமில்ல."

"கலைச்சிட்டு வரச் சொல்லு!"

"மாட்டேன்றாரு. நடுவுல கொஞ்சம் எடம் காலியா கீது. உன் கட்டைய வெச்சு முடிச்சு, ஒரே தபா தள்ளிட்டுத்தான் வருவாராம். காலைலேந்து இட்லிய கம்புல மாட்டி நீட்டிகினு கீறோம்!"

அதே நேரம் ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. அதை விட்டால் அடுத்த வண்டி சாயங்காலம்தான்.

கவிப்பிரியா எழப் பார்த்தாள். நைனா சரிந்தார். அவரோடு பெஞ்சே சரிந்தது. பஞ்சாமிர்தம் தூக்கின் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்தது. அவள் சட்டென்று உட்கார்ந்தாள். எல்லாரும் தூக்கத்திலேயே பழையபடி சாய்ந்துகொண்டார்கள். குறட்டை நிற்கவில்லை.

மசால் வடைக் கூடையோடு வந்த டில்லிபாபு சிரித்தார். "இன்னாமா, நல்லா மாட்டிகினியா? நான் ஒரு சவுண்டு உடட்டுமா?"

"ஐயோ, வாணாம்ணா! எல்லாரும் ஒண்ணா துள்ளி எழுந்தா பஞ்சாமிர்தம் மொட்ட மேலதான்!"

"அப்போ உங்க நைனாவ மட்டும் எழுப்பட்டா?"

"அவரு மேலதானே அத்தினி பேரும் சாஞ்சிகினு கீறாங்க? நீங்க அந்தக் கோடிக்குப் போங்கண்ணா. அந்தப் பெரியவரு மேல யாரும் சாயல. டோமினோவ விழாம எடுக்கணும்னா கோடியிலேந்துதான் எடுக்கணும்."

"அவர எழுப்பினா அடிப்பாரு போல கீதே!"

"எழுப்ப வாணாம். வடைய மூக்குகிட்ட காட்டுங்க."

டில்லிபாபு காட்டினார். வீரபத்திரனின் மூக்கு முதலில் விழித்தது. பிறகு வாய் விழித்தது. வடையைக் காணோம். கண் மட்டும் விழிக்கவில்லை.

"ஒண்ணு போச்சு!" என்று டில்லிபாபு அலறினார்.

"கொஞ்சம் தள்ளிப் புடிங்கண்ணா!"

இரண்டாவது வடை தள்ளியே நின்றது. அதைத் தேடிக்கொண்டு தலை வந்தது, தலைக்குப் பின்னால் உடம்பு வந்தது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்த வீரபத்திரன், "சட்னி இல்லியா?" என்றார்.

அடுத்த மூக்கு, அடுத்த வடை. ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பூவம்மாள் கண் விழித்ததும் தூக்கைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு வடை வாங்கினார். கூடை காலியானபோது ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. பாக்கி நைனா ஒருவர்தான்.

"வடை தீந்துபோச்சேமா!"

"பரவால்லண்ணா. இப்ப இவரு மேல யாரும் இல்ல."

கவிப்பிரியா நைனாவின் காதில் மெதுவாகச் சொன்னாள். "நைனா, உன் செருப்ப குரங்கு தூக்கிகினு ஓடுது."

கண்ணைத் திறக்கும் முன்பே நைனா துரத்த ஆரம்பித்துவிட்டார். அவள் அவரை ரயில் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டாள். அவ்வளவுதான்.

திருவாலங்காட்டில் ஆகாஷ் காலி இடத்தில் அவள் கட்டைகளை அடுக்கினான். கவிப்பிரியா ஒரு விரலால் தள்ளினாள். கடகடவென்று கூடத்தைச் சுற்றி, மூலை திரும்பி, கடைசிக் கட்டை மாமாவின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

மாமா கைதட்டிக்கொண்டே வெளியே வந்தார். பொழுது போகாமல் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் குளித்திருந்தார். அன்றைக்குத் திருவாலங்காட்டில் அவ்வளவு சுத்தமான மனிதர் வேறு ஒருவரும் இல்லை.