கடைசிப் பெட்டி கடக்கும் வரை

காலையில் எழுந்ததும் நப்பின்னை தன் முப்பத்தைந்து வயதுக் குரலைப் பழகுவாள். அவளுக்கு இப்போது இருபத்தொன்று. உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, கூடுவாஞ்சேரி வீட்டின் மாடியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவளுடைய ஏழாம் தொகுப்பின் பாட்டுகள் ஒவ்வொன்றாக வரும். அவள் இன்னும் எழுதாத பாட்டுகள். ஆனால் பாடுவது அவள்தான். கொஞ்சம் கரகரத்த, எதையோ இழந்து அதற்குப் பழகியும்விட்ட குரல். எந்த இடத்தில் மூச்சு விடுகிறாள், எந்தச் சொல்லைப் பாதியில் விழுங்குகிறாள் என்று கவனித்து அதேபோலப் பாடிப் பார்ப்பாள். சில நாள் சரியாக வரும். சில நாள் யாரோ ஒரு அத்தையைக் கேலி செய்வதுபோல இருக்கும்.

"மூணாவது பாட்டுல அழுவுறியே, அது யாருக்காகடி?" தோசைத் தட்டோடு படியேறி வந்த அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா."

"பாடுறவ நீ. உனக்கே தெரியாதா?"

"நான் இன்னும் அதைப் பாடவே இல்லையே."

"ஊரே கேட்டு முடிச்சாச்சு. எதிர்வீட்டு விமலாக்கா, மாப்பிள்ளை உன்னை விட்டுட்டுப் போயிடுவாரு போலன்னு துக்கம் விசாரிக்குது. மாப்பிள்ளையே இன்னும் பாக்கல, அதுக்குள்ள துக்கம்!"

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. அந்த அழுகையை அவளும் பலமுறை கேட்டிருக்கிறாள். அது பொய்யழுகை இல்லை.

நீட்சிப்பொறி வந்த பிறகு இதெல்லாம் வழக்கமாகிவிட்டது. பள்ளியில் ஒரு இசைக்குழு தொடங்கினால், மூன்று பாட்டைப் பதிவுசெய்து நீட்சி நிலையத்துக்கு அனுப்பலாம். அந்த மூன்றைக் கேட்டு, அந்தக் குழு ஆயுள் முழுக்க வெளியிடக்கூடிய தொகுப்புகள் அத்தனையையும் பொறி செய்துகொடுத்துவிடும். முதல் தொகுப்பின் அசட்டுத் துணிச்சல், நடுவில் வரும் சலிப்பு, வயதான பிறகு திரும்பக் கிடைக்கும் தெளிவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு குழு வளர்வதற்காக யாரும் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நீட்சி பிடித்துப்போனால் மேடைக்கு அழைப்பார்கள். குழுவின் வேலை, தன் பாட்டுகளைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டு ஒவ்வொரு தொகுப்பாகப் போய்ச் சேர்வதுதான்.

'ஈரக் காலுறைகள்' குழுவுக்குப் பதினோரு தொகுப்புகள் கிடைத்தன. பிளஸ் ஒன் படிக்கையில், பள்ளி மைதானம் குளமாகிக் கிடந்த ஒரு கார்த்திகை மாதத்தில், வேதியியல் கூடத்தின் பின்னறையில் நான்கு பேர் காலுறையைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுத் தொடங்கிய குழு அது. நப்பின்னை பாடி கிட்டார் வாசித்தாள். தமயந்திக்கு லீட் கிட்டார், சாதிக்குக்கு பேஸ் கிட்டார், எபி என்கிற எபினேசருக்கு டிரம்ஸ். ராக் என்று சொன்னால் முறுக்கிக்கொண்டு கத்த வேண்டும் என்று மற்ற பள்ளிப் பிள்ளைகள் நினைத்திருந்த காலத்தில், இவர்கள் மெதுவாக, மண்டைக்குள் பேசிக்கொள்வதுபோல வாசித்தார்கள்.

ஊரைக் கட்டிப்போட்டது அதுவல்ல, அவர்களுடைய மௌனம். ஒவ்வொரு பாட்டிலும் எங்கோ ஓரிடத்தில் நான்கு பேரும் சட்டென்று நின்றுவிடுவார்கள். கால் நிமிடம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு நான்கு பேரும் ஒன்றாக, ஒரே வெட்டாக உள்ளே விழுவார்கள். பதினோரு தொகுப்பிலும் அந்த மௌனம் உண்டு. அதற்காகவே கேட்பவர்கள் இருந்தார்கள். அந்த இடம் வந்ததும் அரங்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு விமர்சகர், பெருநகரத்தின் கேட்கப்படாத பிரார்த்தனை என்று எழுதினார். சாதிக் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நாம இவ்ளோ ஆழமாடா?" என்று கேட்டான். தெரியவில்லை. பொறி சொன்னால் இருக்கலாம் என்று அவர்களும் நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

சிக்கல் நான்காம் தொகுப்பில் இருந்தது. அதிலிருந்து எபியின் பெயர் கிடையாது. எங்கே போனான், ஏன் போனான் என்று பொறி சொல்லவில்லை. நான்காம் தொகுப்பில் டிரம்ஸ் ஓசை இயந்திரத்தனமாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ரசிகர்கள் எபியைத் தெருவில் நிறுத்தி, "ஏண்ணா விலகிப் போறீங்க?" என்று கண்கலங்கக் கேட்பார்கள்.

"எனக்கும் தெரியலப்பா. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, நான் ஜாக்கிரதையா இருக்கேன்," என்பான் எபி.

வருகிற சனிக்கிழமை அவர்கள் நான்காம் தொகுப்பை மேடையேற்ற வேண்டும்.

காரணம் தெரிந்தால் தடுத்துவிடலாம் என்று நப்பின்னைக்குத் தோன்றியது. சண்டையா, உடம்புக்கு ஏதாவதா, காதலா? எதுவானாலும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எபி இல்லாத குழுவை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. கற்பனை செய்யத் தேவையும் இல்லை, எட்டுத் தொகுப்புகளாக அது கேட்கக் கிடைத்தது என்பதுதான் கொடுமை.

வியாழக்கிழமை நீட்சி நிலையத்துக்குப் போனாள். அவர்கள் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் குணசீலன் காபி வரவழைத்தார்.

"அது மனுஷங்களோட காரணத்தைப் பாக்காது மேடம். காதுல விழுறதை மட்டும்தான் பாக்கும்," என்றார்.

"அப்ப காதுல என்ன விழுந்துச்சு?"

அவர் சற்று யோசித்துத் திரையைத் திருப்பினார். "உங்க மௌனத்தை யாரு முடிக்கிறாங்கன்னு அது தேடியிருக்கு. ஒண்ணும் கிடைக்கல. எபி சாரும் அப்ப சும்மாதான் இருக்காரு. ஆனா நாலு பேரும் சேந்து உள்ள வர்றீங்க. அப்ப உங்களுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குன்னு முடிவு பண்ணிடுச்சு. கடிகாரம் இருந்தா டிரம்மர் எதுக்குன்னு நாலாவதுல அவரை விட்டுடுச்சு."

"எங்க பழைய பதிவைப் போடுங்க. ஸ்கூல்ல பண்ணது."

போட்டார். பதினாறு வயது நப்பின்னை கீச்சுக்குரலில் பாடினாள். பிறகு அந்த மௌனம். கண்ணாடிபோலச் சுத்தமான மௌனம். நப்பின்னை நாற்காலியில் நிமிர்ந்தாள். அந்தப் பின்னறை அவள் கண்முன் வந்தது. காயப்போட்ட காலுறைகள், கம்பிக்கு அப்பால் சரளைக்கல், தண்டவாளம்.

"சார், இங்க ரயில் போகும்."

"எங்க?"

"இந்த மௌனத்துல." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்கூலை ஒட்டித்தான் லைன். சாயங்காலம் வரிசையா எலெக்ட்ரிக் ட்ரெயின் வரும். வந்தா ஒரு மண்ணும் கேக்காது. அதனால நிறுத்திடுவோம். கை மட்டும் கிட்டார் கம்பி மேலயே இருக்கும். எபி ஜன்னலோரமா உக்காந்திருப்பான். கடைசிப் பெட்டியில மஞ்சள்ல பெருக்கல் குறி போட்டிருக்கும்ல, அது கண்ணுல பட்டதும் குச்சியைத் தூக்குவான். அவன் கையைப் பாத்துத்தான் திரும்ப ஆரம்பிப்போம்."

குணசீலன் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இரைச்சலை வடிச்சுட்டுத்தான் பொறிக்குக் கொடுப்போம்," என்றார் கடைசியில். "ரயிலை வடிச்சிருப்பாங்க."

"ரயிலை வடிச்சுட்டு, நாங்க நின்னதை மட்டும் வச்சுக்கிட்டீங்க."

"மேடம்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "எங்கப்பா இறந்தப்ப ராத்திரி பூரா உங்க ரெண்டாவது பாட்டோட மௌனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு அதுல அவர் இருந்தாரு. அது தாம்பரம் லோக்கல்னு தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க."

நப்பின்னை காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. ரயிலும் பொய்யில்லை. வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோதும் இரண்டையும் ஒரே மனதுக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்று புரியாமல் குழம்பினாள்.

எபியிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. ஒத்திகைக் கூடத்தில் சிம்பல் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் மறக்கலையே," என்றான். "நீங்க மூணு பேரும்தான் மறந்துட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? உலகமே பிரார்த்தனைன்னு சொல்லுது, நான் போய் ட்ரெயின்னு சொல்லவா?" துணியை மடித்தான். "மேடையில காதுக்குள்ள டிக் டிக்னு ஒண்ணு மாட்டி விட்டிருக்காங்க. அதைக் கேட்டு உள்ள வர்றீங்க. நான் இன்னும் ஒவ்வொரு தடவையும் குச்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல, நப்பின்னை."

அவள் தேடிப் போன காரணம் அதுதான். சண்டையும் இல்லை, நோயும் இல்லை. மூன்று தொகுப்பாக அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

"சனிக்கிழமை அதைக் கழட்டிடறோம்," என்றாள். "உன்னைப் பாத்துத்தான் உள்ள வருவோம். நாலாவது தொகுப்பையும் நீதான் வாசிக்கிற."

"நான் எதைப் பாப்பேன்?" என்று கேட்டான் எபி. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அரங்கம் வண்டலூருக்கு இந்தப் பக்கம், ரயில்பாதைக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் வெளியே கேட்கும் சத்தம் துளியும் உள்ளே வராதபடி கட்டியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம் நிறைந்துவிட்டது. எபி டிரம்ஸின் முன் உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு சலசலப்பு ஓடியது. நான்காம் தொகுப்பில் இவன் ஏன் இருக்கிறான்? சிலர் கைதட்டினார்கள். சிலர், கதை தெரிந்த படத்தில் செத்தவன் எழுந்து வந்துவிட்டதுபோல விழித்தார்கள்.

முதல் பாட்டு. மூவரும் காதுக்கருவியைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டார்கள். பாட்டு நன்றாகவே போனது. மௌனம் வந்தது. அரங்கம் கண்ணை மூடியது. நப்பின்னை, தமயந்தி, சாதிக் மூவரும் கம்பி மேல் கையை வைத்தபடி எபியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எபி வழக்கம்போல இடதுபக்கம் பார்த்தான். அங்கே ஒரு கருப்புத் திரை தொங்கியது. ஜன்னல் இல்லை. பெட்டிகள் இல்லை. எது முடிய வேண்டுமென்று அவன் காத்திருப்பான்? அவன் முகத்தில் பயம் இல்லை. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று யாரோ கேட்டு, அவன் யோசித்துக்கொண்டிருப்பதுபோல ஒரு குழப்பம் மட்டும் இருந்தது. குச்சியைப் பிடித்த கை மடியிலேயே கிடந்தது.

மௌனத்தின் நீளம் கூட்டத்துக்கு மனப்பாடம். கால் நிமிடம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே வெட்டாக, சரியான சுதியில் பாட ஆரம்பித்தார்கள். மேடையில் இருந்த நால்வரும் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

நப்பின்னை தன் பாட்டை முழுதாகக் கேட்டாள். அவள் எழுதப்போகும் வரிகள், அவள் விழுங்கப்போகும் சொற்கள், எல்லாம் எல்லோர் வாயிலும் சரியாக இருந்தன. ஒரு பிசிறு இல்லை. பாட்டு முடிந்ததும் கூட்டம் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டது. இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். பலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

எபி குச்சிகளைக் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு எழுந்தான். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். மன்னிப்புக் கேட்பதுபோலவும் இருந்தது, அப்படி இல்லாததுபோலவும் இருந்தது. படியிறங்கிப் போனான்.

பொறி சொன்னபடியே நடந்துவிட்டது. தடுக்கத்தான் எல்லாம் செய்தாள். செய்ததெல்லாம் அதைத்தான் கொண்டுவந்தது. நப்பின்னை மைக்கின் முன் நின்றாள். அடுத்த பாட்டை அவள் தொடங்க வேண்டும். எபி இல்லாமல் அதை எப்படிப் பாடுவாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், பலமுறை கேட்டிருக்கிறாள். அந்தக் கரகரப்பு, அந்த இழப்பு, ஏழாம் தொகுப்பின் அழுகை. அது மாப்பிள்ளைக்காக இல்லை என்று அப்போது புரிந்தது.

கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் தமயந்தி.

"அவன் பின்னாடி போறேன்."

"நிகழ்ச்சி நிரல்ல அப்படி இல்லையே."

"இல்லதான்."

தமயந்தி கூட்டத்தைப் பார்த்தாள், நப்பின்னையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே புரியல," என்று முனகிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். சாதிக் ஏற்கனவே படியில் இருந்தான்.

பக்கவாட்டு வாசலில் குணசீலன் ஓடிவந்து மறித்தார். "மேடம், இன்னும் எட்டுத் தொகுப்பு இருக்கு! அதெல்லாம் யாரு பாடுறது?"

அரங்கத்துக்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. பொறி செய்துவைத்த அவளுடைய வயதான குரல் ஒலிபெருக்கியில் பாட, கூட்டம் கூடவே பாடியது.

"பாடிட்டுத்தானே இருக்கேன் சார்," என்றாள் நப்பின்னை. "நல்லாவே பாடுறேன்."

அவர் வழிவிட்டார். அவர் முகம், எந்தப் பக்கம் வருத்தப்படுவது என்று தெரியாத முகமாக இருந்தது.

எபி வேலியோரமாகத் தண்டவாளத்தைப் பார்த்து நின்றிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், மூன்று பேரையும் கண்டு திகைத்துப்போனான்.

"நான்தானே விலகணும்? நீங்க ஏன் வந்தீங்க?"

"நாங்களும் விலகிட்டோமான்னு தெரியல," என்றான் சாதிக். "சும்மா நிறுத்தியிருக்கோமோ என்னவோ."

நப்பின்னை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செங்கல்பட்டுப் பக்கமிருந்து ரயில் வந்துவிட்டது. நான்கு பேரும் அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, யோசிக்கவும் இல்லை. அந்திவெயிலில் பெட்டி பெட்டியாகத் தடதடத்துப் போனது. கையில் கிட்டார் இல்லாமலேயே தமயந்தியின் விரல்கள் காற்றில் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தன. ரயில் எங்கே முடிகிறது என்று மற்ற மூவரும் பார்க்கவில்லை. எபியின் கையைப் பார்த்தார்கள்.

மஞ்சள் பெருக்கல் குறி கடந்தது. எபி கையை உயர்த்தி, இறக்கினான்.

நால்வரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.