மஞ்சள் ஸ்டிக்கர்காரன்

பாலாற்றில் தண்ணீர் வருகிறதாம்...

இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு ஆம்பூரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் ஷூ கம்பெனிப் பெண்கள் பஸ்ஸைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுப் பாலத்துக்கு ஓடினார்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலைப் புறங்கையால் துடைத்தபடி, எல்லாரையும் முந்திக்கொண்டு போனவள் ரோஷினி.

பாலம் முழுக்கத் தலைகள். தலைகளுக்கு மேலே கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு போன். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரே ஒரு ஆள் நிற்கும் இடம் அவள் கண்ணில் பட்டது. விடுவாளா? புகுந்துவிட்டாள். புகுந்த வேகத்தில் அவளது முழங்கை பக்கத்தில் நின்றவன் கையில் இடித்தது. அவன் போன் எகிறியது. நல்லவேளை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துங்க... ஆத்துல வுழுந்திருந்தா வேலூர்ல போய்த்தான் பொறுக்கணும்."

"ஆண்ட்ராய்டுதானே? போனா இன்னொண்ணு."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ இது. அவளது வாய் எப்போதும் அப்படித்தான்.

அவன் கோபமாகத் திரும்பினான். திரும்பியவன் ஏனோ பேச வந்ததை மறந்துபோனான். அவளது இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அந்தத் துளிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள், சண்டைக்குத் தயாராக...

"இன்னாங்க அப்படிச் சொல்லிட்டீங்க?" என்றான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். "ஓ, ஐபோனா? அதான் பாலமே உங்களுதுன்ற மாதிரி வர்றீங்க."

"இதுல எடுத்தா தண்ணி தண்ணி மாதிரி இருக்கும். உங்களுதுல கலரை ஜாஸ்தியா அள்ளிக் கொட்டி, ஆத்தைக் கேசரி மாதிரி காட்டும்."

"சரி எடுங்க. நானும் பாக்கறேன்."

அவள் கர்வத்தோடு போனை உயர்த்தினாள். திரை கறுப்பாக இருந்தது. கேமராவை மூடித் திறந்தாள். கறுப்பு. இன்னொரு முறை... அதே கறுப்பு. பதற்றத்தில் அணைத்துவிட்டுப் போட்டாள். கொஞ்சநஞ்சம் இருந்த சார்ஜும் அதில் போய், போன் மொத்தமாகப் படுத்துவிட்டது.

"தண்ணி பூந்துடுச்சா? தண்ணிக்குள்ளயே போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னு பெருமையா சொல்வாங்களே..." என்று கிண்டலடித்தவன், அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்து நீட்டினான்.

ஒயரைச் சொருகப் பார்த்தாள். நுழையவில்லை. அவனது ஒயர் புது மாடல். அவளது போன் பழையது.

"பின் வேற," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவன் அந்தப் போனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்கக் கஷ்டப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? கேமரா மேல பாருங்க."

பார்த்தாள். வட்டமாக, பச்சையாக ஒரு ஸ்டிக்கர்.

வெளிநாட்டு ஷூ மாடல்களை யாரும் படம் பிடித்து வெளியே விட்டுவிடக் கூடாதென்று ஆம்பூர் கம்பெனிகளில் காலையில் கேட்டிலேயே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கம்பெனிக்கு ஒரு நிறம். சாயங்காலம் வெளியே வந்ததும் பிய்த்துப் போடுவது பல் தேய்ப்பது மாதிரி எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. இன்று அவசரத்தில் மறந்துவிட்டாள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் போனைச் சாகடித்தாளா?

அவள் திருப்பிப் பேசுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இமையில் நின்ற துளி விழுந்தது. அது மழைத்துளிதானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"எங்கப்பா குவைத்துல இருக்காரு," என்றாள் மெதுவாக. "இந்த மணல்ல கிரிக்கெட் ஆடி வளந்தவரு. ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போய் அவரு பாத்ததே இல்ல. எல்லாரும் தண்ணிய மட்டும் எடுத்து அனுப்புவாங்க, நீ தண்ணியோட நிக்கற மாதிரி எனக்கு ஒண்ணு அனுப்பு கண்ணுன்னு காலைலதான் கேட்டாரு."

அவன் முகத்தில் கிண்டல் போய்விட்டது. "நில்லுங்க. நான் எடுக்கறேன்."

நின்றாள். எடுத்தான். எடுத்த பிறகும் அவன் கண் இறங்கவில்லை. அவளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்..."

அப்போதுதான் ரோஷினிக்கு உறைத்தது. வந்ததிலிருந்து ஆற்றை அவள் பார்க்கவே இல்லை.

திரும்பினாள்... மூச்சு நின்றுபோயிற்று.

அவளுக்குத் தெரிந்த பாலாறு என்பது மணல், முள்செடி, மேயும் ஆடுகள். அவ்வளவுதான். அது எங்கே? இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர்... தண்ணீர்... தண்ணீர். அதன் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் கேட்டது. பாலமே அதிர்ந்துகொண்டிருந்தது. எப்போதும் வீசும் தோல் தொழிற்சாலை வாடையே தெரியாமல் ஊரெல்லாம் ஈரமண் வாசனை. ஓர் அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து ஆற்றில் போட்டார். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்தி, உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட உரக்கப் பேசவில்லை.

"இத்தினி நாளா இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கே.

"மேல இருந்துச்சு. நான் வாணியம்பாடி. காலைல எங்க ஊர்ல பாத்தேன். அதே தண்ணிதான் இப்ப இங்க வந்து சேந்துருக்குது." அவன் போனைப் பையில் போட்டுவிட்டான். இருவரும் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவன் யாரென்றே தெரியாது, ஆனால் அவன் அங்கே நிற்பது நன்றாக இருந்தது அவளுக்கு.

இப்படியே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"நம்பர் சொல்லுங்க," என்றான் அவன். "வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்."

சட்டென்று அவளுக்குச் சுருக்கென்றது. ஓ... இதற்குத்தானா இவ்வளவும்?

"ஐபோனா இருந்தா நம்பரே இல்லாம ஏர்டிராப்ல அனுப்பலாம்."

"உங்க போனே பொணமா கெடக்குது. அதுல எந்த டிராப் வந்து வுழும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. "டெலிட் பண்ணுங்க," என்றாள்.

"இன்னாங்க?"

"என் போட்டோவை. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். போனை எடுத்து, படத்தை அழித்து, அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். போனைத் திருப்பியபோது அதன் பின்பக்க உறையில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டதும் அப்பா அன்பரசன் கூப்பிட்டார். போன் அணைந்த கதையைச் சொன்னாள். "பரவால்ல கண்ணு. போட்டோதானே..." என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் 'பரவால்ல'வைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் போலீஸ் பாலத்தில் தடுப்பு வைத்துவிட்டது. தடுப்பை எடுத்தபோது தண்ணீர் வடிந்து, நடுவில் மணல் திட்டு தெரிய ஆரம்பித்துவிட்டது.

கம்பெனியில் ரோஷினிக்கும் அவள் தோழி தில்ஷாத்துக்கும் ஜோடி சேர்க்கிற வேலை. இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் வெளிச்சத்தில் வைத்து, நிறமும் தோலின் வரியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று அவள் இரண்டு இடது காலை ஜோடியாக வைத்துவிட்டாள்.

தில்ஷாத் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னாடி ஆச்சு உனக்கு?"

சொன்னாள். எல்லாவற்றையும்.

"அடிப்பாவி... டெலிட் பண்ணாலும் ஒரு மாசம் குப்பைத்தொட்டில இருக்கும்ல? போய்க் கேளு."

"அது ஐபோன்ல. ஆண்ட்ராய்டுல அதெல்லாம் இருக்குமா?"

"ரொம்பத்தான் உனக்கு. என்னுது ஆண்ட்ராய்டுதான், வெளிய போனதும் காட்டறேன் வா. மஞ்சள் ஸ்டிக்கர்னா துத்திப்பட்டு ரோட்டு கம்பெனி. நமக்கு முன்னாடி அஞ்சு மணிக்கே வுட்டுடுவாங்க."

யாரோ ஒருவனிடம் போய் நிற்பதா? அதுவும் 'உங்கள் ஆண்ட்ராய்டில் என் படம் இருக்கிறதா' என்று கேட்பதற்கா? அப்பாவின் 'பரவால்ல' நினைவுக்கு வந்தது. அரைமணி பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அந்தக் கம்பெனி கேட்டில் அலையலையாக ஆட்கள் வந்தார்கள். எல்லார் விரலும் போனிலிருந்து மஞ்சள் வட்டத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவனும் பிய்த்துக்கொண்டே வந்தான். நிமிர்ந்தான். நின்றுவிட்டான்.

"அந்தப் படம்..." என்று ஆரம்பித்தாள். "குப்பைத்தொட்டில இருக்கும்ல? எனக்கு வேணும். அப்பாவுக்கு... இந்த போன்கூட அவரோடதுதாங்க. போன தடவை வந்தப்ப அவரு கைல இருந்ததைக் குடுத்துட்டுப் போனாரு. அதான் யாராவது இதைக் கொறைச்சுப் பேசினா எனக்குத் தாங்காது."

அவன் தலைகுனிந்தான். "தெரியாம பேசிட்டேங்க. ஆனா... அது இல்ல. அன்னிக்கே குப்பைத்தொட்டிலேர்ந்தும் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"வேணாம்னு சொன்னீங்க. சொன்னப்புறம் எங்கியாவது ஒரு ஓரத்துல வெச்சுக்கிட்டா அது அழிச்ச மாதிரி ஆவாதே."

ரோஷினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்க முடியாத ஒரு விஷயத்தில், முகம் மட்டுமே தெரிந்த ஒருத்தியின் சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா? பாலத்தில் ஆற்றைப் பார்த்தபோது வந்த அதே திகைப்பு... அதே மூச்சடைப்பு. அழ வேண்டியவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன்லேர்ந்து போய்டுச்சு," என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "மத்தபடி... அதை அழிக்கறதுக்குத்தான் பட்டன் கெடைக்கல."

"மறுபடியும் தண்ணி வந்தா உங்க ஊருக்குத்தானே முதல்ல வரும்?" என்றாள்.

"ஆமா."

"அப்ப சொல்லுங்க."

"எப்பிடிங்க சொல்றது? நம்பர் இல்லியே."

சொன்னாள். அவன் பெயர் வீரபாகு. 'ஆண்ட்ராய்டு பாகு' என்று சேமித்துக்கொண்டாள். அதன் பிறகு தினமும் சண்டை. சார்ஜ் யாருக்கு ஜாஸ்தி நிற்கும், யார் படத்தில் வானம் வானமாக இருக்கும்... 'ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே ஒத்துவரலியே' என்று ஒருநாள் அவன் அனுப்பினான். 'ரெண்டும் எடது காலா இருந்தா எப்பிடிங்க ஜோடி ஆவும்?' என்று தட்டி அனுப்பிவிட்டு, எழுதியது என்ன என்று புரிந்ததும் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவனிடமிருந்து நெடுநேரம் பதில் இல்லை. அவனும் ஒளித்து வைத்திருப்பானோ என்னவோ.

மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது.

'தண்ணி எங்க ஊரத் தாண்டிடுச்சு. உங்களப் பாக்க வருது.'

சாயங்காலம் பாலத்தில் இந்தத் தடவை அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தான். முன்னைவிடப் பெரிய தண்ணீர். நுரை தள்ளிக்கொண்டு, மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு, எதற்கும் நிற்காமல் போயிற்று. குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிய கையோடு போனை வீரபாகுவிடம் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கண்ணு... ஒண்ணுமே தெரியலியே. இருட்டா இருக்குது."

வீரபாகு போனைத் திருப்பிப் பார்த்தான். பச்சை ஸ்டிக்கர். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. நகத்தால் மெல்லப் பிய்த்து எடுத்து, தன் போனின் முதுகில், மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். ரோஷினி அதைப் பார்த்தாள். அவன் பார்ப்பதற்குள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

போனுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு கரையும் தொட்டுப் போவுதே கண்ணு..." என்றார் அன்பரசன். "அசையாம நில்லு. நல்லா பாத்துக்கறேன்."

அவள் அசையாமல் நின்றாள். ஒரு கையில் அவளது போனைப் பிடித்தபடியே, மறுகையால் தன் போனை எடுத்து வீரபாகு ஒரு படம் எடுத்தான். ரோஷினி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். செம்மண் நிறத்து ஆறு. அதன் முன்னால் அவள். நிறம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே...

"உங்களுக்கு அனுப்பிட்டேன்," என்றான். அவன் கட்டைவிரல் குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேல் தயாராக நின்றது. "இதுலேர்ந்து டெலிட் பண்ணிடட்டா?"

அவள் அந்த விரலைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள்.

"வேணாம்," என்றாள், ஆற்றின் இரைச்சலில் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உங்களோடயே இருக்கட்டும்... நானும்."

அவன் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். மறுகையில் இருந்த ஐபோனுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டபோதுதான், கால் இன்னும் கட்டாகவில்லை என்பது இருவருக்கும் நினைவு வந்தது.

"தம்பி..." என்றார் குவைத்திலிருந்து அன்பரசன். "போனைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்புங்க. பாக்கறேன்."