திங்கட்கிழமைத் தண்ணீர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. "குழிக்காரி" என்றால் போதும், திரும்பிப் பார்த்துவிடுவாள்.

ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் சரளைக்கல் தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறும். வாரத்தில் ஆறு நாளும் மோட்டார் அதை இறைத்து ஆற்றில் விடும். குழியைச் சுற்றி நிலத்தில் இறக்கிய குழாய்களுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுவது அவளுடைய அம்மாவின் வேலை. அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு முன்பு இருவரும் இங்கே வந்தார்கள்.

வந்த நேரமோ என்னவோ, பள்ளிக் கிணறு வற்றத் தொடங்கியது.

"உங்கம்மா பெரிய ஸ்ட்ரா போட்டு எங்க கிணத்த உறிஞ்சுறாங்களாமே?" என்றான் நெட்டை. ஐந்தாம் வகுப்பிலேயே உயரமானவன் அவன்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சேர்ந்து சிரிக்க அவளை யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவளோடு பேச்சே நின்றுபோனது.

ஒருநாள் தலைமை ஆசிரியை சொன்னார்: "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள கிணறு சரியாகலைன்னா, இனி பள்ளிக்கூடம் அரை நாள்தான். தண்ணியில்லாம உங்கள வச்சிட்டு நான் என்ன செய்ய?"

நெட்டை கைதட்டினான். விளையாட்டு வகுப்பு மதியம்தான் என்று யாரோ காதில் சொன்னதும் நிறுத்திவிட்டான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அம்மா, நம்ம குழிதான் கிணத்துத் தண்ணிய இழுக்குதா?"

"வாராவாரம் அளக்கறேன்டி. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் குழாய்ல தண்ணி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. நான் பொய்யா எழுதுவேன்?"

அம்மா பொய் எழுத மாட்டாள். ஆனால் கிணற்று வாளியில் சேறு வந்ததும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? அவள் யோசித்தாள். யோசிக்க அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

மறு திங்கட்கிழமை உணவு இடைவேளையில் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். கல் தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை இழுத்து முழம் போட்டாள். எட்டு முழம்.

"கிணத்துல என்ன, மீனா புடிக்கிற?" என்று தூரத்திலிருந்து கேட்டாள், வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண்.

"இல்ல, தண்ணி புடிக்கிறேன்."

வாயாடி சிரித்துவிட்டாள். பிறகு, பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

புதன்கிழமை பத்து முழம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை. அடுத்த திங்கட்கிழமை மறுபடி எட்டரை!

அன்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கிணற்றை முழம் போட்டு அளந்ததை அவள் சொன்னாள்.

"நீ எப்பம்மா அளப்ப?"

"திங்கக்கிழம விடிஞ்சதும். தண்ணியத் தொட்டா டேப்பு 'பீப்'னு கத்தும். மெஷினெல்லாம் ஓட ஆரம்பிச்சா அந்தச் சத்தம் கேக்காது."

"ஞாயித்துக்கிழம மோட்டார் ஓடுமா?"

"அன்னிக்கு லீவு. ஓடாது..."

அம்மாவின் கை பாதி மடித்த துணியோடு நின்றது. பிறகு, "உன் முழக் கணக்கக் கொண்டா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் குழாய்க்குள் அம்மா டேப்பை இறக்கினாள். மெஷின்களின் இரைச்சலில் மகள்தான் டேப்புச் சுருளில் காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். வழக்கமான அளவு வந்தது, சத்தமில்லை. இன்னும் இறக்கினாள், சத்தமில்லை. இரண்டு மீட்டர் தாண்டித்தான் 'பீப்' கேட்டது.

"வாரம் முழுக்க இழுத்த தண்ணி ஞாயித்துக்கிழம திரும்ப ஊறியிருக்கு. நான் அதையே பாத்து எழுதியிருக்கேன்" என்றாள் அம்மா மெதுவாக.

குவாரி சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "இத எழுதினா வேலைய நிறுத்தச் சொல்லுவாங்களே!"

"எழுதலன்னா பள்ளிக்கூடம் அரை நாளாயிடும் சார்" என்றாள் அம்மா.

அவள் அம்மாவின் பின்னாலிருந்து கேட்டாள். "இறைக்கிற தண்ணிய எதுக்கு ஆத்துல விடணும்? பள்ளிக்கூடத்துப் பக்கமே விட்டா மறுபடி மண்ணுக்குள்ள இறங்காதா?"

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "கலங்கலா இருக்கும்மா. சேறு படிஞ்சு மண்ண அடைச்சுக்கும், தண்ணி இறங்காது."

"குட்டையில தெளிய வச்சு விடலாமே" என்றாள் அம்மா.

குழிக்கும் பள்ளிக்கும் நடுவே நீளமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். தெளிந்த தண்ணீர் அதில் நின்று மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. ஒரு மாதம் ஆனது. பள்ளியில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் கயிற்றை இழுத்து, "வியாழக்கிழமகூட ஒன்பது முழந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எங்க, குடு!" பின்னாலிருந்து ஒரு நீளமான கை கயிற்றைப் பிடுங்கியது. நெட்டை முழம் போட்டான். "ஒன்பதா? எட்டுதான்! உனக்கு எண்ணத் தெரியல."

"உன் கையால அளந்தா கடலே நாலு முழந்தான் இருக்கும்!"

வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். நெட்டைக்குக் கோபம் வந்தது. "எட்டு!" என்று கத்தினான். "ஒன்பது!" என்று அவளும் கத்தினாள். மணி அடித்தும் விடவில்லை, வகுப்புவரை கத்திக்கொண்டே போனார்கள்.

வாசலில் ஆசிரியர் இருவரையும் நிறுத்தி வைத்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாக, அவள் தண்டனைக்குக்கூடத் தனியாக நிற்கவில்லை.