கேமராப் பெட்டியில் உப்பு

ஏமாற்ற நினைப்பவன் கல் என்று சொல்வான், செங்கல் என்று சொல்வான். உப்பு என்று சொல்ல எவனுக்காவது தோன்றுமா?

காலையிலிருந்து இந்த நினைப்பு அவளை விடவில்லை. இணைய ஏலத்தில் அவள் விற்ற கேமரா வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் கேமரா இல்லை. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு உப்புப் பாக்கெட்டுகள் இருந்தன. அவர் புகார் கொடுத்துவிட்டார். ஏல நிறுவனம் பணத்தை யாருக்கும் விடாமல் நிறுத்தி வைத்து இருவரிடமும் ஆதாரம் கேட்டிருந்தது. மாலை ஆறு மணிக்குள் அவள் தன் தரப்பைச் சொல்ல வேண்டும். தோற்பவருடைய கணக்கை மூடிவிடுவார்கள். பெயருக்கு எதிரே 'மோசடி' என்று ஒரு குறியும் விழும்.

அவளிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. விற்பவர்கள் பெட்டி கட்டுவதைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நிறுவனமே அறிவுரை சொல்லியிருந்தது. அவளும் செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, கேமராவின் எண்ணைக் காட்டியதிலிருந்து டேப் ஒட்டிச் சமையல் தராசில் நிறுத்தது வரை வெட்டில்லாமல் எடுத்திருந்தாள்.

“அந்த வீடியோவ அனுப்பிட்டு வேற வேலையப் பாரு,” என்றான் கணவன், ஷூவுக்குள் காலை நுழைத்தபடி. “ஆளு புதுக் கணக்கு. பேரு மழைக்காகமாம். காக்காவுக்குக் கேமரா எதுக்கு? நேத்து ராத்திரிச் சாப்பாடு மாதிரி சப்புன்னு ஒரு கேஸ். இதுக்குப் போய் லீவு வேற போட்டிருக்கே. திருட்டுப் பய, மாட்டிக்கிட்டான்.”

மாமியார் தட்டைப் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்து போனாள். பசிக்கவில்லையாம். இரண்டு நாளாகவே அவளுக்குப் பசிக்கவில்லை.

அவன் அலுவலகத்துக்குக் கிளம்பியபின் வீடு அமைதியானது. அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்து, எது விபத்து, எது பணத்துக்காகச் செய்த சுத்தியல் வேலை என்று சொல்வது அவள் தொழில். ஒரு காலத்தில் படம் எடுத்தவள், இப்போது மற்றவர்கள் எடுத்த படங்களில் பொய் தேடுகிறாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை, வருத்தப்பட நேரம் ஒதுக்கவில்லை என்பதுதான் சரி. அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவை ஏலத்தில் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை.

ஏலத்தளத்தின் வழியாகவே மழைக்காகத்தை அழைத்தாள். பேருந்து ஓட்டுநர். பறவைகளைப் படமெடுக்க ஆசைப்பட்டுத்தான் கேமரா வாங்கினாராம்.

“பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும் படம் எடுத்திருக்கீங்களே, ஏன்?”

“பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாக்காம ஏற மாட்டேன்மா. கை பழகிடுச்சு.” பிறகு தயங்கி, “நான் ஒண்ணு கேக்கலாமா? என்னைத் திருடன்னு நம்பறீங்களா?” என்றார்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவர் ஆதாரமாகக் கொடுத்திருந்த படங்களில் முதலாவது, கூரியர் சீட்டு. அதில் அச்சாகியிருந்த எடை, வீடியோவில் அவளுடைய தராசு காட்டியதைவிட அரைக் கிலோ அதிகம். கூரியர்காரன் எடை போட்டபோதே உள்ளே இருந்தது உப்பு. அப்படியானால் மழைக்காகம் பொய் சொல்லவில்லை. கேமரா கூரியர்காரன் கைக்குப் போகவே இல்லை.

கட்டி முடித்த அன்று இரவு பெட்டி செருப்பு அலமாரிமேல் இருந்தது. காலையில் அதை எடுத்துப்போய்க் கூரியரில் கொடுத்தவன் கணவன்.

அவனா? இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருப்பவனைப் பற்றி ஒரு சுத்தியல் கேஸைப் போல யோசிக்க வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது. போனில் கேட்டாள்.

“செம கனம்,” என்றான் அவன் சாதாரணமாக. “ஒரு கேமராவுக்குள்ள இவ்ளோ இரும்பான்னு கூரியர்காரன்கிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேனே. ஏன்?”

மாற்றி வைத்தவன் எடையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான்.

மறுபடி படங்களுக்கு வந்தாள். மேல்பக்கம் அவள் ஒட்டியபடியே இருந்தது. பல்லால் கடித்த டேப்பின் நுனி, பெட்டியோடு தட்டையாக. கீழ்ப்பக்கத்தில் பழைய டேப்பின்மேல் இன்னொரு டேப் ஓடியது. படத்தைப் பெரிதாக்கினாள். அந்த டேப்பின் நுனி ஒட்டப்படவில்லை. நாய்க்குட்டியின் காதைப் போல உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

வீடியோவை ஓட்டினாள். டேப் சுருளைக் கையில் எடுத்தவுடனே அவளுக்கு நுனி கிடைக்கிறது, நகத்தால் சுரண்டித் தேடவில்லை. இந்த வீட்டில் என்றைக்குமே தேடியதில்லை. அவளுக்குமுன் அதைத் தொட்டவர் அடுத்தவருக்காக நுனியை மடித்து வைத்திருப்பார். கண் மங்கிய நாளிலிருந்து மாமியாருக்கு அது பழக்கம். சுருளில் மடித்த கை பெட்டியிலும் மடித்திருக்கிறது.

சமையலறை மேல்தட்டைத் திறந்து பார்த்தாள். கூடுதலாக வாங்கி வைக்கும் உப்பு இருந்த இடம் காலி. டப்பாவிலும் அடியில் ஒட்டியது மட்டுமே மிச்சம். சப்பென்ற சாப்பாட்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

மாமியார் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் எதுவும் கேட்காமல் அருகில் போய் அமர்ந்தாள்.

“பீரோவுல, கம்பளிக்கு உள்ள இருக்கு,” என்றாள் மாமியார். “தூசி படாம சுத்தி வெச்சிருக்கேன்.”

“ஏன் அத்தை?”

“பெட்டி கட்டறதுக்கு முன்னாடி அதைக் கண்ணுல வெச்சு என்னைப் பாத்தே. ரொம்ப நேரம் பாத்தே. அமுக்காமலே கீழ வெச்சுட்டே.” மாமியாரின் விரல்கள் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தன. “எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி ஒரு சைக்கிள் இருந்துச்சு. யாரும் புடுங்கல. நானாத்தான் குடுத்தேன். இன்னிக்கும் ரோட்டுல மணிச் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கறேன்.”

“வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா மாமியார் தடுத்தான்னு ஆயிடும். உப்பப் பாத்தா அந்த ஆளு திருப்பி அனுப்புவான், பணத்தக் குடுத்துட்டா தீந்துதுன்னு நெனச்சேன். ஊருபேரு தெரியாத ஒருத்தனத் திருடன்னு சொல்லுவாங்கன்னு தெரியலம்மா. அதுலேருந்து சோறு இறங்கல.”

அவள் மாமியாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாரோ தன்னை இவ்வளவு நேரம் கவனித்திருக்கிறார்கள், தான் தன்னைக் கவனிக்காத அத்தனை காலமும்.

வீடியோவை அவள் அனுப்பவில்லை. தவறு எங்கள் வீட்டில் நடந்தது, வாங்கியவர் சொன்னது முழுக்க உண்மை, முழுத் தொகையையும் அவருக்கே திருப்பிவிடுங்கள், குறி எதுவானாலும் என் பெயரில் விழட்டும் என்று எழுதினாள். பிறகு கணவனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன், வரும்போது உப்பு வாங்கி வரட்டுமா என்று மட்டும் கேட்டான்.

மழைக்காகம் போனில் முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அந்தப் பெரியம்மாவ சாப்பிடச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல.” பிறகு தயங்கினார். “கேமராதான் கிடைச்சிடுச்சே. இப்ப அனுப்பிடுங்களேன். வேணும்னா தளம்கூட வேணாம், பணத்த நேரா உங்களுக்கே போட்டுடறேன்.”

கம்பளி பிரிந்து கட்டிலில் கிடந்தது. கேமரா அவள் மடியில் இருந்தது. எதிரே மாமியார், அது தன்னைப் பார்க்கிறதென்று தெரிந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“கேக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு,” என்றாள் அவள் மெதுவாக. “ஆனா இல்லைங்க. இதை நான் விக்கல.”